சின்னம் யாருக்குச் சொந்தம்?

நுழையும்முன்

பழமையான மகிழுந்துகளின் உருவங்களைக் குவளையிலும் சட்டையிலும் சாவி வளையத்திலும் பதித்து விற்பது, கைத்திறன் மிக்க இளைஞர் பலருக்கு ஏற்ற சிறுதொழில். விருப்பத்தால் தொடங்கும் அத்தொழில், சில வேளைகளில் நீதிமன்றத்தின் வாயிலில் சென்று நிற்கிறது. ஒரு பெயரையும் ஒரு குறியையும் தமக்கே உரியவை என ஒரு நிறுவனம் கூற இயலுமா? அவ்வுரிமையின் எல்லை எது? கைவினைஞரின் உரிமை எங்கே தொடங்குகிறது? இவ்வினாக்களுக்கு உலகின் பல நீதிமன்றங்கள் அளித்த விடைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

நினைவில் ஓடும் ஊர்திகள்

சில ஊர்திகள் சாலையை விட்டு அகன்ற பின்னும் மக்களின் நினைவை விட்டு அகல்வதில்லை. ஜெர்மனியில் தோன்றிய ஃபோக்ஸ்வாகன் பீட்டில், 2 கோடியே 15 இலட்சத்திற்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உருவாக்கப்பட்டது. அவ்வரிசையின் இறுதி ஊர்தி 2003ஆம் ஆண்டு மெக்சிகோ நாட்டின் பியூப்லா நகரத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. இங்கிலாந்தில் 1959இல் அறிமுகமான மினி, சிறிய உருவத்தாலேயே பெரும்புகழ் பெற்றது. இந்தியாவில் அவ்விடத்தைப் பிடித்தது அம்பாசிடர். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் உருவாக்கிய அவ்வூர்தி, அரை நூற்றாண்டுக்கும் மேலாக அமைச்சர்களின் ஊர்தியாகவும், வாடகை ஊர்தியாகவும், திருமண வீட்டின் ஊர்தியாகவும் விளங்கியது. 2014ஆம் ஆண்டு அதன் உற்பத்தி நின்றது.

உற்பத்தி நின்றது, விருப்பம் நிற்கவில்லை. கோயம்புத்தூரில் பழமையான மகிழுந்துகளுக்கென ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது. பழைய ஊர்திகளைப் பேணிக் காப்போர் பல நகரங்களில் அணிவகுப்பு நடத்துகின்றனர். அத்தகைய இடங்களிலும் இணையச் சந்தைகளிலும் பழைய மகிழுந்துகளின் உருவம் தாங்கிய கைவினைப் பொருள்களை விரும்பி வாங்குவோர் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கருதலாம். ஓவியம் பயின்ற இளைஞர் ஒருவர், முப்பது ஆண்டுகள் அம்பாசிடர் வாடகை ஊர்தி ஓட்டிய தம் தாய்மாமனுக்குப் பரிசளிக்க, அவ்வூர்தியின் உருவத்தைச் சுடுமண் குவளை ஒன்றில் தீட்டுகிறார். அதைக் கண்ட உறவினர் தமக்கும் ஒன்று வேண்டும் என்கின்றனர். பத்துக் குவளைகள் நூறாகின்றன. சாவி வளையமும் சட்டையும் சேர்கின்றன. குவளையின் அடியில் ஊர்தியின் பெயரும், முகப்பில் நிறுவனத்தின் இலச்சினையும் இடம்பெறுகின்றன. வருமானம் குடும்பத்திற்குத் துணையாகிறது. ஒரு நாள் வழக்குரைஞரின் அறிவிப்பு ஒன்று வருகிறது: ‘எங்கள் கட்சிக்காரரின் வணிகக்குறியை இசைவின்றிப் பயன்படுத்தியுள்ளீர், உடனே நிறுத்துக’.

அவ்விளைஞர் எவரையும் ஏமாற்ற எண்ணவில்லை. எவர் வரைந்ததையும் படியெடுக்கவில்லை. தம் கையால் வரைந்தார், தம் உழைப்பை விற்றார். எனினும், அவர் செய்ததில் பிழை உண்டா? உண்டெனின் எது பிழை? இதற்கு விடை காண, வணிகக்குறி என்பதன் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

வணிகக்குறியின் இயல்பு

ஒரு பொருள் யாரிடமிருந்து வருகிறது என்பதை வாங்குவோருக்கு அறிவிக்கும் அடையாளமே வணிகக்குறி. அது பெயராகவோ, எழுத்தாகவோ, உருவமாகவோ, வண்ணச் சேர்க்கையாகவோ, பொருளின் வடிவமாகவோ இருக்கலாம். தீப்பெட்டியின் மேலுள்ள படத்தைக் கண்டு தமக்குப் பழகிய தீப்பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் எழுத்தறியா மூதாட்டிக்கும் அக்குறியே வழிகாட்டி. ஆகவே, வணிகக்குறிச் சட்டம் இருவரைக் காக்கிறது. குறிக்கு நற்பெயர் தேடிக்கொடுத்த உற்பத்தியாளர் ஒருவர்; அக்குறியை நம்பிப் பொருள் வாங்கும் பொதுமக்கள் மற்றொருவர்.

அறிவுசார் சொத்துரிமைகளுள் ஒவ்வொன்றும் வெவ்வேறு தன்மையுடையது. காப்புரிமை புதிய கண்டுபிடிப்பைக் காப்பது; 20 ஆண்டுகளில் முடிவது. பதிப்புரிமை எழுத்து, ஓவியம், ஒளிப்படம் முதலிய படைப்புகளைக் காப்பது. வடிவமைப்பு உரிமை பொருளின் தோற்றப் பொலிவைக் காப்பது. இந்தியாவில் 10 ஆண்டுகளும், புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டுகளும் நீடிப்பது. வணிகக்குறி உரிமையோ இவற்றினின்று வேறுபட்டது. ஒவ்வொரு 10 ஆண்டுக்கும் ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே வந்தால் அதற்கு முடிவில்லை. பழமையான மகிழுந்தின் எந்திர நுட்பத்திற்குரிய காப்புரிமை எப்போதோ காலாவதியாகியிருக்கும். அதன் பெயரும் இலச்சினையும் இன்றும் உயிருடன் இருக்கக்கூடும். ‘பழைய ஊர்தி, ஆகவே பொதுச்சொத்து’ என்னும் எண்ணம் பிழைபடுவது இங்கேதான்.

தெரிந்து தெளிவோம்

வணிகக்குறிகளைப் பதிவு செய்வதற்காகப் பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 34 பொருள்களுக்கும் 11 சேவைகளுக்கும் உரியவை. ஊர்திகள் 12ஆம் வகுப்பிலும், அச்சிட்ட தாள் பொருள்கள் 16ஆம் வகுப்பிலும், குவளைகள் 21ஆம் வகுப்பிலும், ஆடைகள் 25ஆம் வகுப்பிலும், விளையாட்டுப் பொருள்கள் 28ஆம் வகுப்பிலும் அடங்கும். மகிழுந்து நிறுவனங்கள் பல, ஊர்தி வகுப்போடு அமையாமல் ஆடை, பொம்மை முதலிய வகுப்புகளிலும் தம் குறிகளைப் பதிவு செய்து வைத்துள்ளன.

இந்தியாவில் 1999ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வணிகக்குறிகள் சட்டம், 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. பதிவு செய்யப்பட்ட குறியையோ, அதனோடு மயங்கத்தக்க வேறொரு குறியையோ, அதே வகைப் பொருள்களுக்குப் பிறர் பயன்படுத்துவதை அச்சட்டத்தின் 29ஆம் பிரிவு தடுக்கிறது. அப்பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. குறியொன்று இந்தியாவில் நற்பெயர் பெற்றதாயின், முற்றிலும் வேறுவகைப் பொருளில்கூட, தக்க காரணமின்றி அந்நற்பெயரால் நியாயமற்ற ஆதாயம் பெறுவதோ, அதன் தனித்தன்மைக்கு ஊறு விளைவிப்பதோ உரிமை மீறலாகும். ‘அவர்கள் செய்வது மகிழுந்து, நான் செய்வது குவளை’ என்னும் வாதம் புகழ்பெற்ற குறிக்கு எதிரே வலுவிழப்பது இதனால்தான்.

அழகா, அடையாளமா?

கைவினைஞர் தரப்பில் ஒரு வலுவான வினா எழலாம். சாவி வளையத்தை வாங்குபவர், அதை மகிழுந்து நிறுவனமே செய்தது என்று எண்ணியா வாங்குகிறார்? இலச்சினையின் அழகுக்காகவும், ஊர்தியின்மீது கொண்ட விருப்பத்திற்காகவும் அன்றோ வாங்குகிறார்? அங்கே இலச்சினை அடையாளமாக இன்றி அணியாகவே செயற்படுகிறது. அவ்வாறாயின் உரிமை மீறல் எங்கிருந்து வந்தது?

இவ்வாதத்தை அமெரிக்க நீதிமன்றம் ஒன்று விரிவாக ஆராய்ந்தது. ஆட்டோமோட்டிவ் கோல்டு என்னும் நிறுவனம், மகிழுந்து நிறுவனங்களின் பெயர்களையும் இலச்சினைகளையும் தாங்கிய சாவி வளையங்களையும் பதிவெண் பலகைச் சட்டங்களையும் விற்றுவந்தது. வேறு சில மகிழுந்து நிறுவனங்களிடம் உரிமம் பெற்றிருந்த அது, ஃபோக்ஸ்வாகன், ஆடி ஆகியவற்றிடம் அவ்வாறு பெற இயலாமலேயே அவற்றின் இலச்சினைகளைப் பயன்படுத்தியது. ‘இலச்சினையே இப்பொருளின் பயன், வாங்குவோர் விரும்புவது அதன் அழகையே’ என்பது அந்நிறுவனத்தின் வாதம்.

2006இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்கவில்லை. வாங்குவோர் ஓர் இலச்சினையை விரும்புகின்றனர் என்பதாலேயே அது யாவர்க்கும் பொதுவாகிவிடும் எனின், புகழ்பெற்ற குறி எதுவும் எஞ்சாது. புகழ் மிகுந்தோறும் பாதுகாப்புக் குறையும் என்னும் முரண் தோன்றும் என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள். மேலும், கடையில் வாங்குபவர் உண்மையை அறிந்திருந்தாலும், பின்னர்ச் சாலையில் அதைக் காண்போர் நிறுவனத்தின் பொருளென்றே மயங்கக்கூடும். விற்பனைக்குப் பின் நேரும் இம்மயக்கமும் சட்டத்தின் பார்வையில் கருதத்தக்கதே.

அவ்வழக்கின் தொடர்ச்சி மேலும் நுட்பமானது. அந்நிறுவனம் ஃபோக்ஸ்வாகனின் உண்மையான இலச்சினைத் தகடுகளை விலைகொடுத்து வாங்கி, அவற்றைத் தாம் செய்த அலங்காரப் பலகைகளில் பொருத்தி விற்றது. முறையாக விற்கப்பட்ட பொருளை வாங்கியவர் மீண்டும் விற்கலாம் என்பது பொதுவிதி. ஆயினும், தகட்டை மறுவிற்பனை செய்வது வேறு. அத்தகட்டைக் கொண்டு புதியதொரு பொருளை உருவாக்கி விற்பது வேறு என்று 2010இல் நீதிமன்றம் வரையறுத்தது. பழைய ஊர்திகளின் உதிரிபாகங்களைக் கொண்டு கைவினைப் பொருள் செய்வோர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது.

அறிவிப்புப் பலகையின் ஆற்றல்

‘இது நிறுவனத்தின் அதிகாரப்பூர்வப் பொருள் அன்று’ என்று தெளிவாக எழுதிவைத்தால் போதாதா என்னும் வினா அடுத்து எழும். இதற்கு விடை, மகிழுந்துத் துறையிலன்றிக் கால்பந்துத் துறையிலிருந்து கிடைத்தது.

இலண்டனில் ஆர்சனல் கால்பந்துக் கழகத்தின் விளையாட்டரங்கிற்கு வெளியே, 1970 முதல் வணிகர் ஒருவர் அக்கழகத்தின் பெயரும் சின்னமும் பொறித்த கழுத்துத் துண்டுகளையும் ஆடைகளையும் விற்றுவந்தார். தம் பொருள்கள் கழகத்தின் அதிகாரப்பூர்வப் பொருள்கள் அல்ல என்பதை அறிவிக்கும் பலகையையும் கடையில் வைத்திருந்தார். வாங்குவோர் தம் பற்றை வெளிப்படுத்தவே அத்துண்டை அணிகின்றனர் என்பது அவர் வாதம். 2002இல் ஐரோப்பிய நீதிமன்றம், கடையிலுள்ள பலகை கடையோடு நின்றுவிடும்; பொருளோ ஊரெங்கும் செல்லும் என்பதைச் சுட்டிக் கழகத்தின் பக்கம் நின்றது. 2003இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கழகத்திற்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. மறுப்பறிவிப்பு நன்னோக்கத்தைக் காட்டும், உரிமத்திற்கு ஈடாகாது.

பொம்மை மகிழுந்து கற்பித்த பாடம்

எல்லா வழக்குகளும் நிறுவனங்களின் பக்கமே சாய்ந்தன என்று கருதுதல் கூடாது. ஜெர்மனியைச் சேர்ந்த ஓபெல் மகிழுந்து நிறுவனம், தன் ஆஸ்ட்ரா ஊர்தியின் சிற்றுருவைத் தொலைவிலிருந்து இயக்கும் பொம்மையாகச் செய்து விற்ற ஆட்டெக் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. 24இல் ஒரு பங்கு அளவில் அமைந்த அப்பொம்மையின் முகப்பில் ஓபெலின் மின்னல் இலச்சினை, உண்மை ஊர்தியில் உள்ளவாறே இடம்பெற்றிருந்தது. ஓபெல் நிறுவனம் அவ்விலச்சினையைப் பொம்மைகளுக்கும் பதிவு செய்திருந்தது. எனினும், பொம்மை நிறுவனம் தன் சொந்தப் பெயரையும் குறியையும் பொம்மையின் பயன்பாட்டுக் கையேட்டிலும் இயக்கியிலும் பொறித்திருந்தது.

2007இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஓர் அளவுகோலை வகுத்தது. குறியைப் பயன்படுத்தியது, பொம்மை வகுப்பில் அக்குறிக்குரிய பணியைக் கெடுக்கிறதா என்பதே பார்க்கத்தக்கது. வாங்குவோர் அம்மின்னலைக் கண்டு ‘இப்பொம்மையை ஓபெல் செய்தது’ என்று எண்ணுகின்றனரா, ‘உண்மை ஊர்தியைப் போலவே செய்திருக்கிறார்கள்’ என்று எண்ணுகின்றனரா என்பதைத் தேசிய நீதிமன்றம் கண்டறிய வேண்டும். 2010இல் ஜெர்மனியின் உச்சநிலை நீதிமன்றம், பொம்மை வாங்குவோர் இலச்சினையை உண்மையுருவின் ஒரு கூறாகவே காண்கின்றனர் எனக் கொண்டு, உரிமை மீறல் இல்லை என்று தீர்ப்பளித்தது.

சாவி வளையத்திற்கும் பொம்மைக்கும் இடையிலுள்ள வேறுபாடு இங்கே புலப்படும். சாவி வளையத்தில் இலச்சினை தனித்து நிற்கிறது. அதை நீக்கினால் பொருளுக்கு மதிப்பில்லை. சிற்றுருவில் இலச்சினை முழுமையின் ஒரு பகுதி. அதை நீக்கினால் உருவம் குறைபடும். இருப்பினும், ஜெர்மானிய மக்களின் பழக்கத்தை ஒட்டி எழுந்த இத்தீர்ப்பை எல்லா நாட்டிற்கும் பொருந்தும் விதியாகக் கொள்ளுதல் இயலாது.

வடிவத்திற்கும் உரிமை உண்டா?

பெயரையும் இலச்சினையையும் தவிர்த்து, ஊர்தியின் வடிவத்தை மட்டும் வரைந்தால் இடரில்லையா? இதற்கு நீதிமன்றங்கள் ஒரே விடை கூறவில்லை. அமெரிக்காவில் ஃபெராரி ஊர்திகளின் வெளித்தோற்றத்தைக் கண்ணாடியிழையில் படியெடுத்து விற்றவருக்கு எதிராக 1991இல் தீர்ப்பு அமைந்தது. அவ்வடிவமே ஃபெராரியை நினைவூட்டும் அடையாளம் என நீதிமன்றம் கருதியது. மாறாக, இங்கிலாந்தில் லேண்ட் ரோவர் டிஃபெண்டர் ஊர்தியின் வடிவத்தை வணிகக்குறியாகப் பதிவு செய்ய வேண்டும் என்ற கோரிக்கையை 2020இல் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. வல்லுநர் முதன்மையாகக் கருதும் வேறுபாடுகள் பொதுமக்களின் கண்ணுக்குத் தனி அடையாளமாகத் தோன்றவில்லை என்பது காரணம்.

எனவே, பெயரும் இலச்சினையும் இல்லாத கோட்டோவியம், அவை உள்ள ஓவியத்தைவிட இடர் குறைந்தது எனலாம். இடரே அற்றது எனல் ஆகாது. பழைய விளம்பரப் படத்தையோ, பிறர் எடுத்த ஒளிப்படத்தையோ பார்த்து அப்படியே படியெடுத்தால், பதிப்புரிமை என்னும் வேறொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும். இந்தியாவில் ஒளிப்படத்திற்குரிய பதிப்புரிமை, அதை எடுத்தவர் மறைந்தபின் 60 ஆண்டுகள் நீடிக்கும். ஊர்தியை நேரில் பார்த்துத் தாமே வரைவது அச்சிக்கலைத் தவிர்க்கும் வழி.

உற்பத்தி நின்றால் உரிமையும் நிற்குமா?

அம்பாசிடரின் உற்பத்தி 2014இல் நின்றது. அதன் பெயர் உரிமையாளரற்றதாகிவிட்டதா? 2017ஆம் ஆண்டு நடந்த நிகழ்வு இதற்கு விடை கூறும். அவ்வாண்டு இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், அம்பாசிடர் என்னும் பெயரையும் அதன் வணிகக்குறிகளையும் பிரான்சு நாட்டின் பியூஜோ நிறுவனத்திற்கு 80 கோடி உரூபாய்க்கு விற்றது. எந்திரமோ தொழிற்சாலையோ அன்று, ஒரு பெயருக்கு மட்டும் அவ்வளவு விலை! மக்கள் மனத்தில் அரை நூற்றாண்டாகச் சேர்ந்த நினைவே அங்கு விலைபேசப்பட்டது.

எனினும், பயன்படுத்தாமல் வைத்திருக்கும் குறிக்குச் சட்டம் என்றென்றும் காவல் நிற்பதில்லை. பதிவு செய்யப்பட்ட குறி தொடர்ந்து 5 ஆண்டுகளும் அதற்கு மேல் 3 மாதங்களும் உண்மையான பயன்பாட்டில் இல்லாதிருந்தால், அதைப் பதிவேட்டிலிருந்து நீக்குமாறு பாதிக்கப்பட்டோர் விண்ணப்பிக்க 47ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆனால், நீக்கம் தானே நிகழ்வதன்று. விண்ணப்பித்து, மெய்ப்பித்து, ஆணை பெற்றாக வேண்டும். அதுவரை குறி உயிருள்ளதே.

வேற்று நாட்டின் புகழ் இந்நாட்டில் எவ்வளவு செல்லும் என்பதையும் ஒரு வழக்குத் தெளிவுபடுத்தியது. தில்லியில் மகிழுந்துத் துணைப்பொருள்கள் செய்யும் நிறுவனம் ஒன்று 2001 முதல் ‘பிரியஸ்’ என்னும் பெயரைப் பயன்படுத்திவந்தது. ஜப்பானின் டொயோட்டா நிறுவனமோ அதே பெயருடைய ஊர்தியை 1997 முதல் ஜப்பானில் விற்றுவந்தது. 2017 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், 2001இல் அப்பெயருக்கு இந்தியாவில் போதிய நற்பெயர் இருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி, அப்பெயரைப் பொறுத்தவரை இந்திய நிறுவனத்திற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. குறியின் உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியே நிலைநாட்டப்பட வேண்டியது என்னும் கொள்கை அத்தீர்ப்பால் உறுதிபெற்றது.

சட்டம் விட்டுவைத்த வெளி

வணிகக்குறி உரிமை ஒரு சொல்லின்மீதுள்ள முழு ஆட்சியன்று. பொருளின் உண்மையைக் கூறுவதற்கு ஒரு பெயரைச் சொல்லியே ஆகவேண்டிய இடத்தில், அதைச் சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் ஊர்திகளைப் பழுதுபார்த்த சிறு பட்டறை ஒன்று, தன் விளம்பரத்தில் அப்பெயரைப் பயன்படுத்தியதை நிறுவனம் எதிர்த்தது. 1969இல் நீதிமன்றம் பட்டறையின் பக்கம் தீர்ப்பளித்தது. தான் பழுதுபார்க்கும் ஊர்தி எது என்று சொல்லாமல் அவர் எவ்வாறு தொழில் செய்ய இயலும்? நிறுவனத்தின் கிளை போலத் தம்மைக் காட்டிக்கொள்ளாத வரையில் அவர் மீறியது ஒன்றுமில்லை.

இந்தியச் சட்டத்தின் 30ஆம் பிரிவும் இவ்வெளியை ஒப்புகிறது. நேர்மையான வணிக வழக்கிற்கு இணங்கப் பயன்படுத்துவதும், உதிரிபாகமோ துணைப்பொருளோ எந்த ஊர்திக்குப் பொருந்தும் என்பதைக் காட்டத் தேவையான அளவில் பயன்படுத்துவதும் உரிமை மீறல் ஆகா. ‘அம்பாசிடர் ஊர்திக்குப் பொருந்தும் இருக்கை உறை’ என்பது பொருளின் தன்மையைக் கூறும் தொடர். இருக்கை உறையின் நடுவே நிறுவனத்தின் இலச்சினையைப் பெரிதாகத் தைப்பது அப்படியன்று. முன்னது உண்மையை உரைப்பது. பின்னது பிறர் புகழைச் சூடிக்கொள்வது.

தெரிந்து தெளிவோம்

பெரிய நிறுவனம் அறிவிப்பு அனுப்பிவிட்டால் சிறுதொழிலர் அஞ்சி அடங்குவதே வழி என்பதில்லை. அடிப்படையற்ற முறையில் உரிமை மீறல் வழக்குத் தொடுப்பதாக அச்சுறுத்துவோருக்கு எதிராக, பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தை அணுக வணிகக்குறிகள் சட்டத்தின் 142ஆம் பிரிவு வழிவகுக்கிறது.

விளைவுகளும் வழிகளும்

உரிமை மீறல் மெய்ப்பிக்கப்பட்டால், விற்பனைக்குத் தடையாணை, இழப்பீடு அல்லது ஈட்டிய ஆதாயத்தை ஒப்படைத்தல், எஞ்சிய பொருள்களை அழித்தல் ஆகியவற்றுக்கு நீதிமன்றம் ஆணையிடலாம். பொய்யாக ஒரு வணிகக்குறியைப் பொருளில் பொறித்தலையும், அத்தகைய பொருளை விற்றலையும் குற்றமாகக் கருதிய 1999ஆம் ஆண்டுச் சட்டம், 6 மாதம் முதல் 3 ஆண்டு வரையிலான சிறைத்தண்டனையையும், 50,000 முதல் 2 இலட்சம் வரையிலான தண்டத்தொகையையும் வகுத்தது. சிறுதொழிலர்க்கு இவற்றினும் முன்னதாக வந்து சேரும் இழப்பு வேறு. புகார் சென்றவுடன் இணையச் சந்தை அவருடைய பக்கத்தை முடக்கலாம். வழக்கு முடியும் முன்பே வருவாய் நின்றுவிடும். முதலிட்டுச் செய்த பொருள்கள் வீட்டு மூலையில் தேங்கும்.

ஆகவே, தொழிலைத் தொடங்கும் முன்பே சில படிகளை மேற்கொள்வது நலம். முதலாவது, பயன்படுத்தக் கருதும் பெயரும் குறியும் பதிவு செய்யப்பட்டுள்ளனவா, எவ்வகுப்புகளில், யார் பெயரில் என்பதை இந்திய வணிகக்குறிப் பதிவகத்தின் இணையத்தளத்தில் தேடி அறிதல். இத்தேடல் எவரும் கட்டணமின்றிச் செய்யத்தக்கது. இரண்டாவது, உரிமையாளரிடம் எழுத்துவழி உரிமம் கேட்டல். வாய்மொழி இசைவோ, பதிலின்மையோ உரிமம் ஆகா. மூன்றாவது, உரிமம் கிடைக்காதவிடத்துத் தம் படைப்பைப் பிறர் குறியைச் சாராததாக மாற்றியமைத்தல். நான்காவது, தமக்கென ஒரு பெயரைத் தேர்ந்து பதிவு செய்தல். தனியாளும் சிறுதொழில் நிறுவனமும் மின்வழி விண்ணப்பிக்க, ஒரு வகுப்பிற்கு 4,500 உரூபாய் என 2017ஆம் ஆண்டு விதிகள் கட்டணம் வகுத்தன. பதிவகத்தின் அலுவலகங்களுள் ஒன்று சென்னையில் உள்ளது.

முன்னர்க் கருதிய இளைஞரின் நிலையை மீண்டும் நோக்கலாம். தாய்மாமனுக்காகத் தீட்டிய முதற்குவளை வணிகமன்று. அதனால் எவர்க்கும் இழப்பில்லை. சிக்கல், பெயரும் இலச்சினையும் விற்பனையின் தூண்களானபோது தோன்றியது. அவர் அறிவிப்பைப் புறக்கணிப்பதும் தவறு. அச்சத்தால் தொழிலையே கைவிடுவதும் தேவையற்றது. விற்பனையைச் சிறிது நிறுத்தி, சட்ட அறிவுடையோரைக் கலந்து, அறிவிப்பு அனுப்பியவர் உண்மையான உரிமையாளர்தாமா, எவ்வகுப்பில் உரிமை பெற்றுள்ளார் என்பதைப் பதிவேட்டில் கண்டறிந்து மறுமொழி தருதலே முறை. பின்னர், இலச்சினையை விடுத்துத் தம் ஊரின் காட்சிகளை அவர் வரையலாம்: மழையில் நனைந்த வாடகை ஊர்தி நிறுத்தம், பூமாலை சூடிய மணமக்கள் ஊர்தி, அதன் அருகே காக்கிச் சட்டையுடன் நிற்கும் ஓட்டுநர். அக்குவளையின் அடியில் இடம்பெறும் பெயர் அவருடையதாகவே இருக்கும்.

நெசவாளரின் கையிலும் அதே சட்டம்

அறிவுசார் சொத்துரிமை பெரிய நிறுவனங்களின் படைக்கருவி மட்டுமே என்னும் எண்ணம் எழுவது இயல்பு. ஆனால், காஞ்சிபுரத்துப் பட்டுக்கும் தஞ்சாவூர் ஓவியத்திற்கும் வழங்கப்பட்டுள்ள புவிசார் குறியீடு, அதே கொள்கையின் மற்றொரு வெளிப்பாடே. வேறெங்கோ எந்திரத்தில் நெய்த சேலையைக் ‘காஞ்சிபுரம் பட்டு’ என்று விற்பவர், வாங்குவோரை ஏமாற்றுவதோடு, தலைமுறைகளாக அப்பெயருக்கு மதிப்புச் சேர்த்த நெசவாளரின் உழைப்பையும் கவர்கிறார். அதைத் தவறென உணரும் நெஞ்சம், மகிழுந்தின் இலச்சினைக்குப் பின்னாலும் பலருடைய உழைப்பு உண்டு என்பதை உணர்தல் அரிதன்று.

அதே வேளையில், நினைவு எந்த நிறுவனத்தின் பதிவேட்டிலும் அடங்குவதில்லை. அம்பாசிடர் என்னும் பெயரை 80 கோடிக்கு விற்க முடிந்தது. அதன் பின்னிருக்கையில் அமர்ந்து முதன்முதலாக ஊர் கடந்த சிறுவனின் வியப்பு அவ்விற்பனையில் சேரவில்லை. பிறருடைய சின்னத்தை மதித்து விலகி நின்று, தம்முடைய நினைவைத் தம் கையால் வடிக்கும் கலைஞர், நாளடைவில் தமக்கென ஒரு சின்னத்தை உருவாக்கிக்கொள்கிறார். அச்சின்னத்தைப் பிறர் கவர முற்படும் நாளில், அதே சட்டம் அவருக்கும் காவலாக நிற்கும்.

கலைச்சொற்கள்

வணிகக்குறி – ஒருவரின் பொருளையோ சேவையையோ பிறருடையவற்றிலிருந்து வேறுபடுத்திக் காட்டும் அடையாளம்.
இலச்சினை – ஒரு நிறுவனத்தைக் குறிக்கும் உருவச் சின்னம்.
உரிமம் – உரிமையாளர் தம் உரிமையைப் பயன்படுத்தப் பிறருக்கு வழங்கும் இசைவு.
உரிமை மீறல் – இசைவின்றிப் பிறர் உரிமையைப் பயன்படுத்துதல்.
தடையாணை – ஒரு செயலைச் செய்யாதிருக்குமாறு நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணை.
புவிசார் குறியீடு – ஒரு பொருளின் தரமும் புகழும் அது தோன்றும் இடத்தைச் சார்ந்தவை என்பதற்கான சட்ட அடையாளம்.